வலிக்கலையே, அண்ணி...

போன செவ்வாய்க்கிழமை காலை. காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகிற நேரம் பார்த்து செல்போன் அடித்தது. நித்யா. என் தம்பி மகள். செலியமேட்டில் இருக்கிறாள், பிளஸ் டூ படிக்கிறாள். அந்த வயதுப் பிள்ளைகள் அத்தைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குட்மார்னிங் அனுப்புவதே பெரிய விஷயம். போனே பண்ணுகிறாள் என்றால்...?

"இன்னாடி, ஸ்கூலுக்குக் கெளம்பலியா?"

"அத்த... அம்மாவுக்கு மூஞ்சி வீங்கிக்கிது. பல்லு வலியாம். கஞ்சி கூட குடிக்க முடியல. டாக்டர்கிட்ட போலாம்னா வர மாட்டேன்னுது." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பாவுக்கு வந்த மாதிரியே கீது அத்த."

டம்ளரைக் கீழே வைத்தேன். "தோ வரேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் சவடால் தெரியும். பாத்ரூமில் புகுந்த சாரைப் பாம்பை விளக்குமாற்றால் விரட்டிய கதையை எழுதியபோது எத்தனை பாராட்டு! பேங்க் மேனேஜரோடு சண்டை போட்ட கதைக்கு அதைவிட அதிகம். ஆனால் இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. பல் டாக்டர் என்றால் எனக்குக் குலை நடுக்கம்.

வலது பக்கம் மேலே ஒரு சொத்தைப் பல் ரொம்ப நாளாக இருக்கிறது. ஐஸ்கிரீம் கடைக்குப் போனால் "தொண்டை சரியில்லை" என்று சமாளிப்பேன். வில்லியனூரில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்திலேயே ஒரு பல் கிளினிக் இருக்கிறது. அதைத் தாண்டும்போது மட்டும் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவேன். போர்டில் ஒரு பெரிய பல் படம். அது சிரித்துக்கொண்டு வேறு இருக்கிறது. பல்லுக்கே பல் வைத்து வரைந்திருக்கிறான், மகராசன்!

ஏன் இத்தனை பயம் என்று கேட்டால் செல்வத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். செல்வம் என் தம்பி. நித்யாவின் அப்பா. இத்தனை வாரங்களில் அவனைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடாது.

செல்வம் குட்டியானை லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். நெல் மூட்டை, கரும்பு, கல்யாண வீட்டு நாற்காலி, பொங்கலுக்கு மஞ்சள் கொத்து... எதற்குக் கூப்பிட்டாலும் வண்டியை எடுத்துவிடுவான். ஆறடி ஆள். யாருக்கும் பயந்தவன் இல்லை. அவனுக்கு மேல் பல்லில் வலி வந்தது.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் — எங்கள் பக்கத்தில் இதை முதலில் யார் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் விஷயம் எல்லோருக்கும் தெரியும்! கீழ்ப் பல் என்றால் பரவாயில்லையாம். மேல் பல்லின் நரம்பு நேராகக் கண்ணுக்குப் போகிறதாம். டாக்டர்கள் இதைச் சொல்லாமல் மறைக்கிறார்களாம்.

"யக்கா, நான் டிரைவர்க்கா" என்றான் என்னிடம். "பல்லு போனா சோறு திங்கக் கஸ்டம். கண்ணு போனா சோறே கெடையாது."

சொல்லிப் பார்த்தேன். திட்டிப் பார்த்தேன். அவன் மனைவி கலா தினமும் கெஞ்சிப் பார்த்தாள். அவன் கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டான். மெடிக்கலில் பேர் சொல்லாமல் "பல்லு வலி மாத்திர" என்று கேட்டு வாங்கி விழுங்கினான். வண்டி எடுக்காத நாளில் பிராந்தியை வாயில் ஊற்றி, வலிக்கிற பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். புதுச்சேரியில் அது மெடிக்கல் ஷாப்பை விடப் பக்கத்தில் கிடைக்கிற மருந்து. ஒரு நாள் மரத்துப் போகும். "சரியாப் பூட்ச்சு" என்பான். நாலு நாளில் மறுபடியும் கன்னத்தில் கை வந்துவிடும். சுகர் இருந்தது அவனுக்கே தெரியாது.

இப்படியே இழுத்து இழுத்து, ஒரு நாள் கன்னம் வீங்கியது. அப்புறம் வீக்கம் மேலே ஏறிக் கண்ணை மூடிவிட்டது. அப்போதும் என்ன சொன்னான் தெரியுமா? "பாத்தியா கலா... பல்லத் தொடாமயே கண்ண மூடிக்கிச்சே. தொட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்!"

குளிர் ஜுரத்தோடு கலாதான் அவனைப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். அவ்வளவுதான். "நான் இப்ப இதத் தொடக் கூடாதும்மா. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று அவரே வண்டிக்கும் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். சீழ் கண்ணுக்குப் பின்னால் போய், அங்கிருந்து மூளைக்கும் போய்விட்டது என்றார்கள். அந்த வாரமே என் தம்பி போய்விட்டான். இரண்டு வருடம் ஆகிறது.

அந்தப் பல்லை யாரும் பிடுங்கவே இல்லை. அது அவனோடு சேர்ந்துதான் எரிந்தது.

ஆனால் தெருவில் என்ன பேச்சு? "செல்வம் பல்லு புடுங்கப் போனான்... பூட்டான்." அவ்வளவுதான் கதை. அன்றிலிருந்து அந்தத் தெருவில் ஒரு ஆள் பல் டாக்டர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கலாவும் அந்தப் பேச்சை ஒரு நாளும் மறுத்துச் சொன்னதில்லை. கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாள். ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது கலா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு மாடு வைத்திருக்கிறாள், பால் ஊற்றித்தான் குடும்பம் ஓடுகிறது. முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். விலக்கிப் பார்த்தேன். இடது தாடை உருண்டு நின்றது. மேலே மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த பற்று.

"வாங்க அண்ணி" என்றாள். வாய் பாதிதான் திறந்தது.

அதற்குள் எதிர்வீட்டு அம்சா வந்துவிட்டாள். அவளுக்கு ஊர் நியாயம் எல்லாம் தெரியும். "பல்லுல மட்டும் கை வெக்க வுட்டுடாதீங்கக்கா. இவ புருசன் கத தெரியும்ல?" என்றாள்.

யாரிடம் கேட்கிறாள் பாருங்கள்! அவன் கதை எனக்குத் தெரியாதாம்!

"கெளம்பு கலா, டாக்டர்கிட்ட போலாம்" என்றேன்.

"நான் வரல அண்ணி. எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா இந்தப் பொண்ணு இன்னா பண்ணும்?"

"போவலன்னாதான் ஆவும்."

"அவரையும் இப்டித்தான் இட்டுக்கினு போனேன். நடந்துதானே உள்ள போனாரு..."

நித்யா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். யூனிஃபார்ம் போட்டு, பையை மாட்டி, எங்கேயும் போகாமல். அம்மாவின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருப்பது இந்த ஒரே ஒரு அம்மா. அந்தப் பார்வையைப் பார்த்ததும் என் வாய் என்னைக் கேட்காமலேயே பேச ஆரம்பித்துவிட்டது.

"சரி, நீ ஒண்ணும் காட்ட வேணாம். எனக்கு ஒரு சொத்தப் பல்லு கீது, புடுங்கணும். தனியாப் போவ பயமா கீது. தொணைக்காச்சும் வா."

கலா நிமிர்ந்து பார்த்தாள். "மேல் பல்லா, கீழ்ப் பல்லா அண்ணி?"

"மேல் பல்லு."

"ஐயோ... கண்ணு அண்ணி!"

"ஒண்ணு போனா இன்னொண்ணு கீதுல்ல. அத வெச்சி எழுதிக்கிறேன். வா."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்தால் வலிக்கிறது. தாடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். நித்யா பையைக் கழற்றாமலே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

கரிக்கலாம்பாக்கம் தாண்டி உறுவையாறு வரைக்கும் நான் தைரியசாலியாகத்தான் வந்தேன். அப்புறம் ஆட்டோக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்குப் பார்த்து அந்தச் சிரிக்கிற பல் கிளினிக் லீவாக இருக்கக் கூடாதா... என்று மனசின் ஒரு மூலை வேண்டிக்கொண்டது. திறந்துதான் இருந்தது.

டாக்டர் ஷாகிரா. கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற பாயின் மகள். சின்னப் பெண். கலாவைப் பார்த்ததுமே, "இவங்களத்தான் மொதல்ல பாக்கணும்" என்றார். கலா சட்டென்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் டாக்டரை ஓரமாக அழைத்துச் செல்வத்தின் கதையைச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். திரும்பி வந்து கலாவிடம் நின்றபடியே கேட்டார் — ஜுரம் இருக்கா, எச்சில் முழுங்க முடியுதா, மூச்சு வாங்குதா. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சுகர் பார்த்தார். சுகர் இல்லை. "சரி. கொஞ்ச நேரம் தாங்கும். நீங்க பக்கத்துலயே நின்னு பாருங்க. அவங்களுக்கு முடிச்சிட்டு வரேன்."

எனக்கும் சுகர், பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டு உட்கார வைத்தார். "அம்மா, நான் எத செஞ்சாலும் சொல்லிட்டுத்தான் செய்வேன். எடது கையத் தூக்கினீங்கன்னா அப்படியே நிறுத்திடுவேன். ஏன்னு கேக்க மாட்டேன்."

உடனே கையைத் தூக்கிவிட்டேன்.

"சேர்தாம்மா சாயுது" என்றார். மூலையில் நித்யா களுக்கென்று சிரித்தாள்.

ஈறில் ஏதோ ஜெல் தடவினார். ஆரஞ்சு மிட்டாய் மாதிரி ஒரு ருசி. வாய் கொஞ்சம் மந்தமானதும் ஊசி. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஊசிக்குக் காத்திருந்தேன்... எறும்பு கடித்த மாதிரி ஒன்று, அப்புறம் கன்னம் பன் மாதிரி தடித்துப்போனது. "இப்ப அழுத்துற மாதிரி இருக்கும், வலிக்காது" என்றார். அழுத்துகிற மாதிரிதான் இருந்தது. நடுவில் இன்னொரு தடவை கையைத் தூக்கினேன். சொன்னபடியே நிறுத்தினார். எதற்குத் தூக்கினேன் என்று எனக்கே தெரியவில்லை, நிறுத்துகிறாரா என்று பார்க்கத்தானோ என்னவோ. கலா என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வலிக்குதா அண்ணி? அண்ணி, வலிக்குதா?"

இல்லை என்று லேசாகத் தலையை ஆட்டினேன். தட்டில் ணங்கென்று ஒரு சத்தம்.

"அண்ணி..." கலாவின் குரல் உள்ளே போயிருந்தது. "வந்துட்ச்சு."

பஞ்சைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். கலா முன்னால் வந்தாள். உள்ளங்கையால் என் இடது கண்ணை மூடினாள். வலது கண்ணுக்கு எதிரே விரலைக் காட்டினாள். "இது எத்தினி?"

"எண்டு" என்றேன் பஞ்சோடு.

அடுத்த கண்ணை மூடிக் கேட்டாள். அதற்கும் சரியாகச் சொன்னேன். மறுபடியும் முதல் கண்ணுக்கே வந்தாள். டாக்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

"மேல் பல்லப் பிடுங்குறதுக்கும் கண் பார்வைக்கும் சம்பந்தமே இல்லைங்க" என்றார். "ஆனா சீழ் வெச்ச பல்ல அப்படியே விட்டா, சீழ் எங்க வேணும்னாலும் போகும்."

"தெரியும்மா" என்றாள் கலா. பிறகு தானாகவே போய் அந்த சேரில் உட்கார்ந்தாள்.

அவளுக்குக் கீழ்ப் பல். எக்ஸ்ரே எடுத்தார். அதே ஜெல், அதே பொறுமை, அதே "சொல்லிட்டுத்தான் செய்வேன்". பல்லைத் திறந்து உள்ளே கட்டியிருந்த சீழை வெளியேற்றினார். எத்தனை நாளாகத் தாடையைப் பிடித்துக்கொண்டு இருந்தாளோ, கொஞ்ச நேரத்தில் அவள் முகம் தளர்ந்துவிட்டது. இறுக்கிப் பிடித்திருந்த கைகளும் மடியில் விழுந்தன. ஒரு தடவைகூடக் கையைத் தூக்கவில்லை.

"முடிஞ்சிடுச்சும்மா. மாத்திர சாப்பிடுங்க. வீக்கம் வத்தட்டும், பல்லக் காப்பாத்த முடியுமான்னு பாப்போம். நல்ல நேரத்துல வந்தீங்க."

கலா எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே இருந்தாள். இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் பதறிப் போனார்.

"வலிக்குதாம்மா? கையத் தூக்கலையே நீங்க?"

"வலிக்கலம்மா."

"அப்புறம் ஏன் அழறீங்க?"

கலா என்னைத் தேடிப் பார்த்தாள். மரத்துப்போன உதட்டோடு பேச்சு குழறியது. "வலிக்கலையே, அண்ணி... கொஞ்சமாச்சும் வலிச்சிருக்கலாம் அண்ணி. சரி, அவரு பயந்ததுல ஒரு நாயம் கீதுன்னு மனச ஆத்திக்கினு இருப்பேன். ஒண்ணுமே வலிக்கலையே! இவ்ளோதானா? இதுக்கா பயந்துக்கினு பூட்டாரு?"

என் வாயில் பஞ்சு. எனக்கும் அந்த சேரில் இருந்து இறங்கியதிலிருந்து அதே கேள்விதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஜெல், ஒரு ஊசி, ஒரு நல்ல பெண் சொன்ன நாலு வார்த்தை. இவ்வளவு இருந்திருந்தால் அவன் இன்றைக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான். எங்கள் மூன்று பேரையும் ஆட்டோவில் விடாமல் அவனே ஏற்றிக்கொண்டு வந்திருப்பான்.

டாக்டர் மாஸ்க்கைக் கழற்றினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள், அவர் அவசரப்படவில்லை. வாசலில் 'வலியில்லா பல் சிகிச்சை' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பொய் இல்லை. பல் வலிக்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் கலா மெதுவாகப் பேசினாள். நித்யா முன்னால் டிரைவர் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தெருவுல அப்டி சொல்லும்போது எனக்கு அது ஒரு சௌகரியமா இருந்திச்சு அண்ணி. பல்லு டாக்டராலதான் போனாருன்னா... நான் அவர முன்னாடியே இட்டுக்கினு போவாதது பெரிசாத் தெரியாது பாருங்க."

"நீ கூப்புடலியா?"

"தெனமும் கூப்ட்டேன். தூக்கிக்கினா போவ முடியும், அந்த ஆள?"

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

செலியமேட்டில் ஆட்டோ நின்றதுமே அம்சா ஓடி வந்தாள். கூடவே இரண்டு பெண்கள். "இன்னாடி ஆச்சு? புடுங்கிட்டாங்களா? மயக்கம் கியக்கம் வந்துதா?"

கலா இறங்கினாள். முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். மூடவில்லை.

"ஒண்ணும் ஆவல அம்சாக்கா. வலிக்கவே இல்ல." மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நித்யா அப்பா பல்லு புடுங்கி சாவல. பயந்துக்கினு புடுங்காம வுட்டாரு. அதனால செத்தாரு. இனிமே யாரும் மாத்தி சொல்லாதீங்க."

அம்சாவுக்கு வாயடைத்துப் போனது. அவள் வாயடைத்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஆனால் எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து நித்யா கூப்பிட்டாள்.

"ம்மா... எனக்கும் ஒரு பல்லுல ஓட்ட கீது. ராத்திரில வலிக்கும்."

கலா திரும்பினாள். "எத்தினி நாளாடி?"

"அப்பா போனதுலேர்ந்து. சொன்னா நீ பயந்துடுவேன்னு சொல்லல."

கலா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். தெருவில் நின்றுகொண்டே அம்மாவும் பெண்ணும் அழுதார்கள். நான் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினேழு வயதுப் பிள்ளை... அப்பாவைப் பறிகொடுத்த வீட்டில் தன் வலியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு பரீட்சை எழுதியிருக்கிறாள், சிரித்திருக்கிறாள், எனக்குக் குட்மார்னிங் அனுப்பியிருக்கிறாள்.

சனிக்கிழமை அவளுக்கு அப்பாயின்ட்மென்ட். கலாதான் அழைத்துப் போகிறாள், என்னை வர வேண்டாம் என்றுவிட்டாள்.

இன்றைக்கு வீட்டில் சோறு போடும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள் — யாராவது ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருக்கிறார்களா?